முதலில் இருமியது யார்?

எங்கள் மாவட்டம் "தொற்றில்லா மாவட்டம்" என்ற கேடயத்தை வாங்கிய அதே வாரத்தில் முட்டைக்காரரின் கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க ஆரம்பித்தன. கோழிகளுக்குச் செய்தித்தாள் படிக்கும் பழக்கம் இல்லாததால்தான் இந்த இடைஞ்சல் நேர்ந்தது.

ஊருக்கு வெளியே கோழிக்கொட்டகைகள் வரிசையாக இருக்கும் சாலையில் முதல் கொட்டகை முட்டைக்காரருடையது. அடுத்தது அவர் மனைவியின் அண்ணனுடையது. அவரை எல்லோரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டார்கள், உறவே இல்லாதவர்கள் உட்பட. சாலையின் கடைசியில் வாத்துக்காரம்மா இருந்தாள். அவளிடம் நிறைய வாத்துகளும், ஆளைக் கண்டால் ஆகாத ஒரு நாயும் இருந்தன.

முதலில் சில கோழிகள் தீனியைத் தொடவில்லை. பிறகு கொண்டைகள் நீலம் பாரித்தன. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது மூலையில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. முட்டைக்காரருக்கே உடம்பு கணகணவென்று இருந்தது. விடாத வறட்டு இருமல் வேறு.

"ஏங்க, யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. குழி தோண்டிப் புதைச்சிட்டுப் பேசாம இருப்போம்," என்றாள் மனைவி.

"நோய் வந்தா உடனே தெரிவிக்கணும்னு ரோட்டு முனையில பலகை வெச்சிருக்காங்கம்மா."

"வெச்சிருக்காங்க, சரி. தெரிவிச்சவங்க யாரையாவது அதுக்கப்புறம் பாத்திருக்கீங்களா?"

முட்டைக்காரர் யோசித்துப் பார்த்தார். அப்படி யாரையும் பார்த்ததாக நினைவில்லை. ஆனால் அவர் பலகைகளை நம்புகிற ஆள். எச்சில் துப்பாதீர் என்று எழுதியிருந்தால் நின்று விழுங்கிவிட்டுத்தான் போவார். "மச்சான் கொட்டகைக்கும் பரவிடுச்சுன்னா என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தொற்றுத் தடுப்பு அலுவலகத்துக்கு இரண்டு மாடிகள். முதல் மாடி மனிதர்களின் நோய்களுக்கு. இரண்டாம் மாடி விலங்குகள், பறவைகளின் நோய்களுக்கு. இரு மாடிக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசி நெடுங்காலம் ஆகிவிட்டது. காரணம் யாருக்கும் சரியாக நினைவில்லை. ஏதோ ஒரு மின்விசிறி சம்பந்தப்பட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

முதல் மாடி அதிகாரி காய்ச்சல், இருமல் என்றதும் அன்பாக உட்காரவைத்தார்.

"எப்படி வந்துச்சு?"

"எங்க கோழிங்க கிட்டேருந்து வந்திருக்கும்னு நினைக்கறேங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "கோழியா? மேல போங்க."

இரண்டாம் மாடி அதிகாரி கோழி என்றதும் அதைவிட அன்பாக உட்காரவைத்தார். கொண்டை நிறத்தைக் கேட்டார், எச்சத்தின் நிறத்தைக் கேட்டார். அதற்குள் முட்டைக்காரருக்கு இருமல் வந்துவிட்டது.

அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "யாரு இருமறது?"

"நான்தாங்க."

"மனுஷன் இருமினா கீழ் மாடி. கோழி இருமினாத்தான் இங்க. கீழ போங்க."

மேலும் கீழுமாக ஏறி இறங்கியதில் முட்டைக்காரருக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க அவர் நின்ற இடம் படிக்கட்டின் திருப்பம். அந்தக் குறுகலான இடத்தில் ஒரு மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலியின் ஒரு கால் படிக்கு வெளியே தொங்கியதால் அதற்குச் செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"என்ன பிரச்சனை? விலங்குகிட்டேருந்து மனுஷனுக்கா?" என்று அவர் ஆசையாகக் கேட்டார்.

"ஆமாங்க."

"உக்காருங்க, உக்காருங்க. நாற்காலி இல்ல, படியிலயே உக்காருங்க."

அவர்தான் படி அதிகாரி. விலங்கிலிருந்து மனிதனுக்குத் தாவும் நோய்களுக்காகவே ஏற்படுத்தப்பட்ட பதவி அது. எந்த மாடியில் உட்காரவைப்பது என்று முடிவாகாததால் நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் கடக்கும்போது முழங்காலை மடக்கிக்கொள்வதுதான் அதுவரை அவர் பார்த்துவந்த வேலை.

"பறவைக் காய்ச்சலா இருக்குமோன்னு பயமா இருக்குங்க," என்றார் முட்டைக்காரர்.

"உஷ்! அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க. கேடயம் வந்து இன்னும் சுவத்துல மாட்டக்கூட இல்ல. ஆணி தேடிக்கிட்டிருக்காங்க." படி அதிகாரி மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டார். "சரி, விசாரணைக்கு வருவோம். முதல்ல இருமினது யாரு? நீங்களா, கோழியா?"

"கோழிதாங்க."

"அது நீங்க சொல்றது. கோழி தரப்புல என்ன சொல்றாங்க?"

"கோழி செத்துப்போச்சுங்க."

"அப்ப சாட்சி இல்ல." அதுவரை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் முதல்முறையாகக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "கோழிக்கு நீங்க குடுத்திருக்கலாமில்ல? அப்படின்னா கோழி பாதிக்கப்பட்ட தரப்பு. நீங்க..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. "சமீபத்துல வெளியூர் போனீங்களா?"

"இல்லைங்க."

"கோழிங்க?"

"அதுங்களும் போகலைங்க."

"வீட்டுல உங்களைத் தவிர வேற யாரெல்லாம் மூச்சு விடறாங்க?"

"என் சம்சாரம்."

"தொடர்ந்து விடறாங்களா?"

முட்டைக்காரர், தெரிந்தவரைக்கும் தொடர்ந்துதான் என்றார். படி அதிகாரி தலையாட்டினார், நம்பாதவர்போல.

மறுநாள் ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதல் மாடிக்காரர்கள் ஒரு பக்கமும் இரண்டாம் மாடிக்காரர்கள் மறுபக்கமுமாக நின்றார்கள். நடுவில் படி அதிகாரி, அவருக்குப் பின்னால் அலுவலகத்தின் இயக்குநர், இயக்குநருக்கு முன்னால் புகைப்படக்காரர். எல்லோர் காலிலும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். வாசலில் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து வைத்து மருந்துத் தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதில் காலை நனைக்க வேண்டும் என்று தட்டின் மேலேயே அழகாக எழுதியிருந்தது.

முட்டைக்காரர் பலகையை நம்புகிறவர் ஆயிற்றே, காலை வைக்கப் போனார்.

"ஐயையோ, வைக்காதீங்க!" என்று ஒருவர் ஓடிவந்து பிடித்தார். "அழுக்காயிடும். சாயங்காலம் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போகணும்."

எல்லோரும் தட்டை ஓரமாகச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போனார்கள். முதல் மாடிக்காரர்கள் முட்டைக்காரரை மட்டும் பார்த்தார்கள். அவர் கோழிகளைக் கையால் காட்டினால் கையைப் பார்த்தார்கள். இரண்டாம் மாடிக்காரர்கள் கோழிகளை மட்டும் பார்த்தார்கள். இயக்குநர் சாகாமல் இருந்த ஒரு கோழியை வெறும் கையில் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வெளிச்சம் சரியில்லை என்று புகைப்படக்காரர் சொன்னதால் இன்னொரு கோழியையும் அணைத்துக்கொண்டார். அது அவர் சட்டையில் தும்மியது. துடைத்த கைக்குட்டையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுக்க, அவர் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அதை அடுத்தவரிடம் கொடுத்தார்.

பிறகு மிச்சக் கோழிகளையும் பிடித்துக் குழியில் போட்டு மூடினார்கள். முட்டைக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பழகிய சத்தம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் நின்றே போனது. வீட்டுக்குள்ளிருந்து மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. முதல் மாடிக்காரர் ஒருவர் உடனே திரும்பி, "அது சளியா, அழுகையா?" என்று கேட்டார்.

"அழுகைங்க."

"பரவாயில்ல. அது தொத்தாது."

தனக்கு மருந்து ஏதாவது உண்டா என்று முட்டைக்காரர் கேட்டார். சந்தேகம் உறுதியாகும்வரை மருந்து கிடையாது என்றார்கள். உறுதியாகிவிட்டால் மாவட்டத்தில் அப்படியொரு நோய் கிடையாது என்றார்கள். அதற்குப் பதிலாக வாசல் கதவில் ஒரு பலகையை அறைந்தார்கள். "இது சந்தேகத்துக்குரிய வீடு. நெருங்க வேண்டாம்." அலுவலகத்தில் கிடைக்காத ஆணி இங்கே தாராளமாகக் கிடைத்தது.

"இந்த ரோட்டுல வேற யாரெல்லாம் கோழி வளக்கறாங்க?" என்று இயக்குநர் கேட்டார். "அவங்களுக்கு உடனே விழிப்புணர்வு குடுக்கணும்."

வண்டியில் ஏறாமல் எல்லோரும் அதே பூட்ஸோடு நடந்தே மச்சான் கொட்டகைக்குப் போனார்கள். கூண்டு கூண்டாகப் போய், நோய் எப்படிப் பரவும் என்று விளக்கினார்கள். அங்கிருந்து அடுத்த கொட்டகை. அங்கிருந்து அதற்கடுத்தது. கடைசியாக வாத்துக்காரம்மாவின் வாசலுக்குப் போனபோது நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்தது. வேலிக்கு வெளியிலிருந்தே கொஞ்சம் விழிப்புணர்வைக் கத்திவிட்டு வண்டியை நோக்கி ஓடினார்கள்.

முட்டைக்காரரின் காய்ச்சல், கேட்பாரில்லாமல் கிடந்து, தானாகவே சலித்துப்போய் இறங்கியது. ஆனால் அந்த வாரக் கடைசியில் மச்சானின் கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டன. பிறகு அடுத்த கொட்டகை. விழிப்புணர்வு போன அதே வரிசையில், ஒரு வீடுகூடத் தவறாமல், நோயும் போனது. அலுவலக வண்டியும் பின்னாலேயே வந்து குழி தோண்டிக்கொண்டே போனது.

மச்சான் வந்து பலகைக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். "மாப்ள, வெளிய வாய்யா! என்னய்யா பண்ணித் தொலைச்ச? உன்கிட்டேருந்துதான் எல்லாருக்கும் வந்துச்சுன்னு அதிகாரியே சொல்றாரு!"

"மச்சான், நான் வீட்டை விட்டு வெளிய காலே வைக்கல. உங்க வாசல் பக்கம்கூட வரல."

"வராமயே குடுத்திருக்கியே, அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு!"

"அண்ணே, பூட்ஸைப் போட்டுக்கிட்டு உங்க கொட்டகைக்குள்ள வந்தவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க," என்றாள் மனைவி ஜன்னலிலிருந்து.

"அவங்க அரசாங்கம், தங்கச்சி. அவங்ககிட்ட நோய் எப்படி ஒட்டும்?" என்றார் மச்சான். சொல்லிவிட்டு இருமினார். இருமியதும் இரண்டு பக்கமும் பார்த்து, "தூசி," என்றார்.

சாலையில் கோழி எதுவும் மிச்சமில்லாத நிலையில் மக்கள் கூட்டம் ஒன்றை அலுவலகம் ஏற்பாடு செய்தது. நெருக்கமாக இருந்தால் நோய் பரவும் என்பதை விளக்குவதற்காக, எல்லோரையும் ஒரு சின்ன மண்டபத்தில் ஜன்னல்களைச் சாத்தி உட்காரவைத்தார்கள். இயக்குநர் எழுந்தார்.

"அன்பான பொதுமக்களே! சில பேர் எங்க மேல சந்தேகப்படறதா கேள்விப்பட்டேன். உண்மை என்னன்னா, எங்க குழு போன ஒவ்வொரு கொட்டகையிலயும் நோய் இருந்திருக்கு! ஒண்ணுகூடத் தப்பல! நாங்க போன அன்னிக்கு வெளிய தெரியல, அவ்வளவுதான். நோய் வர்றதுக்கு முன்னாடியே சரியான இடத்துக்குப் போய் நிக்கிற அலுவலகம் வேற எங்கயாவது உண்டா?"

கைதட்டல் எழுந்தது. முட்டைக்காரரின் மனைவி எழுந்து, "ஐயா, நீங்க உள்ள போகாத வாத்துக்காரம்மா வீட்டுல மட்டும் ஏன் ஒண்ணும் வரல?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி," என்றார் இயக்குநர். "அங்க நாங்க இன்னும் போகல. போனா கண்டுபிடிச்சிடுவோம்."

இதற்கு முன்பைவிடப் பலமான கைதட்டல். எல்லோரும் திரும்பி வாத்துக்காரம்மாவைப் பார்த்தார்கள். ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது இவள் வாத்துகள் மட்டும் எப்படி நன்றாக இருக்கலாம்? என்னவோ மறைக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் யாரோடும் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போய் நாயை அவிழ்த்துவிட்டாள். அலுவலகமும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

மண்டபத்தில் நிறையப் பேர் இருமினார்கள். இருமிய ஒவ்வொருவரும் தூசி என்றார்கள். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் மட்டும் இதைக் கேட்டு மனம் நொந்துபோனார்.

மச்சானின் தூசி நாளுக்கு நாள் மோசமானது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினார். கடைசியில் ஒரு மத்தியானம் அவர் மனைவி அழுதுகொண்டே ஓடிவர, முட்டைக்காரர் பலகையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வெளியே வந்து, மச்சானை ஒரு வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் மச்சான் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, முகத்தை மட்டும் கோபமாக வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தார். முட்டைக்காரரின் மனைவி பின்னால் உட்கார்ந்து அண்ணனின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஆடு, கோழி ஏதாவது வளக்கறீங்களா?"

"இல்ல டாக்டர்," என்றார் மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டே.

"பறவை எதையாவது தொட்டீங்களா? செத்த பறவை?"

"நான்... பூச்செடி வளக்கறேன் டாக்டர். ரோஜா."

முட்டைக்காரர் அவரைப் பார்த்தார். மச்சானின் உதடு கோழிக்கொண்டைபோல நீலம் பாரித்திருந்தது. கண்கள் மட்டும், சொல்லிவிடாதே மாப்ள என்று கெஞ்சின. சொன்னால் என்ன ஆகும் என்று முட்டைக்காரரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மச்சான் வாசலிலும் ஒரு பலகை வரும். அவர் மனைவி பிள்ளைகளோடு ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்க்க வேண்டும். தன்னையும் மறுபடி அந்தப் படியில் உட்காரவைத்து, முதலில் இருமியது யார் என்று கேட்பார்கள்.

"பொய் சொல்றாரு டாக்டர்," என்றார் முட்டைக்காரர். "இவருக்குக் கோழிக்கொட்டகை இருக்கு. எல்லாம் செத்துப்போச்சு. எங்க வீட்டுலயும் செத்துப்போச்சு. இவர் வெறும் கையாலதான் அள்ளிப் போட்டாரு."

"துரோகி," என்றார் மச்சான், அதைச் சொல்ல இரண்டு மூச்சு எடுத்துக்கொண்டு.

டாக்டரம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டாள். மச்சானைத் தனியறைக்கு மாற்றி, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்து, வேறு மருந்தை ஆரம்பித்தார்கள். வெளியே வந்தவள் முட்டைக்காரரிடம் எரிந்து விழுந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆளே போயிருப்பாரு. இதை முதல்லயே வந்து சொல்லக் கூடாதா?"

"நான் முதல்லயே சொன்னேங்க," என்றார் முட்டைக்காரர். "சொன்ன என்னோட கதியை அவர் பக்கத்து வீட்டுலேருந்து பாத்துக்கிட்டிருந்தாரு."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள். "நான் அலுவலகத்துக்குத் தெரிவிச்சே ஆகணும். சட்டம். ஆனா இனிமே உங்க ரோட்டுல யாருக்கு என்னன்னாலும் எனக்கு முதல்ல ஆள் அனுப்புங்க. நான் சந்தேகப்பட மாட்டேன். மருந்து குடுப்பேன்."

முட்டைக்காரர் தலையாட்டினார். அதையும் அவர் முழுக்க நம்பிவிடவில்லை. பலகைகளை நம்பிக்கொண்டிருந்த காலம் அவருக்கு முடிந்துவிட்டிருந்தது.

மச்சான் பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் முட்டைக்காரரை நீண்டநேரம் பார்த்துவிட்டு, "இன்னும் உன்மேல எனக்குச் சந்தேகம் இருக்கு மாப்ள," என்றார். "தண்ணி குடு."

மச்சான் பிழைத்ததை அலுவலகம் விழாவாகக் கொண்டாடியது. சாலையில் ஒரு கோழிகூட இல்லாததால் கோழி நோயும் இல்லை என்று அறிவிக்கப்பட்டு, கேடயம் இரண்டாம் முறையும் அதே அலுவலகத்துக்கே கிடைத்தது. மாடிகளுக்கிடையே ஒத்துழைப்பை வேகப்படுத்த லிஃப்ட் ஒன்று போட்டார்கள். படி அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்து, மேசையோடு அதற்குள் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த மாடியில் இருக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மண்டபத்துக் கூட்டத்துக்குப் போய்வந்த இயக்குநருக்குக் காய்ச்சல் என்றும், அது வேலைப்பளு என்றும் செய்தி வந்தது.

பல மாதம் கழித்து ஒவ்வொருவராகக் குஞ்சுகள் வாங்கி வளர்க்க ஆரம்பித்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. காலையில் கொட்டகைகளிலிருந்து கீச்சுக்கீச்சென்று சத்தம் வரும்; அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டு வேலியைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார்.

ஒருநாள் விடிந்து முட்டைக்காரர் கொட்டகையைத் திறந்தபோது சில குஞ்சுகள் தீனியைத் தொடாமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பிடறேன். குஞ்சு டாக்டரையும் அவங்களே கூட்டிட்டு வரட்டும்," என்றாள். "நீங்க யாரையும் தொடாம, வாசல்லயே நின்னு ரோட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டு வாங்க."

"எல்லாருக்குமா? மறுபடியும் நம்மளைத்தான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். இந்தத் தடவை நாம முன்னாடியே சொன்னோம்னு இருக்கட்டும்."

முட்டைக்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, செருப்பைக் கொட்டகை வாசலிலேயே விட்டு, வேறு செருப்பு போட்டுக்கொண்டு கிளம்பினார். மச்சான் வாசலில் தள்ளி நின்று, "மச்சான், எங்க குஞ்சுங்க தீனி எடுக்கல. நீங்க எங்க பக்கம் வராதீங்க, நானும் உள்ள வரமாட்டேன்," என்றார். மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். அவர் தன் குஞ்சுகளின் கூண்டை முட்டைக்காரரின் வேலிப் பக்கத்திலிருந்து தள்ளி நகர்த்தும் சத்தம் கேட்டது. அடுத்த வீடுகளிலும் அப்படியே. யாரும் வாய் திறக்கவில்லை, எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் வாத்துக்காரம்மாவின் வாசல். மண்டபத்துக்குப் போனதிலிருந்து அவள் அந்தச் சாலையில் ஒருவரோடும் பேசியதில்லை. நாய் உறுமியது. முட்டைக்காரர் தூரத்திலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். அவள் வேலிவரை வந்து, நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"அலுவலகத்துக்குச் சொல்லியாச்சா?"

"இல்லம்மா. டாக்டரம்மாவுக்குத்தான் ஆள் போயிருக்கு."

"வண்டி எதுவும் வராதே?"

"வந்தாலும் பூட்ஸைக் கழுவாம யாரையும் உள்ள விடறதில்லைன்னு என் சம்சாரம் வாசல்லயே நிக்கறா."

அவள் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க வாத்துங்களும்தான்யா. நேத்துலேருந்து தண்ணியில இறங்கவே இல்ல. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."